காற்று போன வாரண்டி

ராத்திரி இரண்டு மணி. முதுகில் யாரோ ஐஸ் கட்டியை வைத்து அழுத்துவது போல இருந்தது. எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். படுக்கும்போது மூன்று அங்குலம் உப்பியிருந்த என் காற்று மெத்தை, அப்பளம் மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது.

இடம், பாலு கா கேரா. இமாசலப் பிரதேசத்தில் மணாலி பக்கமிருந்து ஹம்ப்டா கணவாய்க்கு ஏறுகிறவர்கள் கூடாரம் அடிக்கும் ஆற்றுப் படுகை. சுமார் 12,000 அடி உயரம். மறுநாள் 14,000 அடியில் இருக்கிற கணவாயைத் தாண்ட வேண்டும். மழைக்கோட்டு, காலிப் பை, கூட வந்த நண்பரின் அழுக்குத் துணி என்று கிடைத்ததையெல்லாம் கீழே விரித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

"மலைக்குப் போன இடத்திலும் மெத்தை கேட்குதா துரைக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். விஷயம் சொகுசு இல்லை. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நம் உடம்பு அழுத்துகிற அடிப்பக்கம் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது. தரை நம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நடுவில் நிற்பது மெத்தைக்குள் இருக்கும் காற்று ஒன்றுதான். அது போனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கும் பாதி வீண்.

சென்னைக்கு வந்ததும் மெத்தை விற்ற கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார்.

"சார், உங்க வாரண்டி முடிஞ்சிடுச்சு."

"வாரண்டி வேணாம்மா. ஓட்டையை அடைக்க ஒரு ஒட்டும் பசையும் குடுங்க. காசு தர்றேன்."

"ஸ்பேர்ஸ் நாங்க பண்றதில்ல சார். நியூ மாடல் வந்திருக்கு. லிங்க் அனுப்பட்டுமா?"

"சரி, அது என்ன துணின்னாவது சொல்லுங்க. பசையை நானே வாங்கிக்கறேன்."

"ப்ரீமியம் மெட்டீரியல் சார்."

ப்ரீமியம் என்ற பொருளுக்கு எந்தப் பசை ஒட்டும்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

எனக்குக் கோபம் ஓட்டை விழுந்ததில் இல்லை. மெத்தையைக் கல்லிலும் முள்ளிலும்தான் விரிக்கப்போகிறோம். ஓட்டை விழத்தான் விழும். சைக்கிள் டியூபில் முள் குத்துவது போல அது நிச்சயமாக நடக்கிற விஷயம். அப்படியிருக்க, காற்றைப் பிடித்து வைப்பது ஒன்றையே வேலையாகக் கொண்ட ஒரு சாமானை 7,200 ரூபாய்க்கு விற்றுவிட்டு, ஓட்டையை அடைக்க ஒரு சாண் துணி தரமாட்டேன் என்பதற்கு என்ன பெயர்? நான் பி.காம். படித்தவன். 'ரிப்பேர் மற்றும் பராமரிப்பு' என்று லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரி உண்டு என்பது முதல் வருடப் பாடம். எந்தக் கம்பெனியும் தன் மெஷினில் ஒரு வாஷர் தேய்ந்துபோனதும் மெஷினையே காயலான் கடைக்கு அனுப்புவதில்லை. தன் கணக்கில் அந்த வரியை பத்திரமாக வைத்துக்கொண்டு, வாடிக்கையாளன் கணக்கில் மட்டும் அதை அடித்துவிடுகிறார்கள். நமக்கு எல்லாமே புது முதலீடு!

எல்லோரும் இப்படி இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், போயிங் விமானக் கம்பெனியில் வேலை போன இரண்டு இன்ஜினீயர்கள், மலையேறுகிற இன்னொரு நண்பரோடு சேர்ந்து, தானாகவே காற்றை இழுத்து உப்பிக்கொள்ளும் மெத்தையை உருவாக்கினார்கள். தோட்ட வேலையின்போது முட்டிக்கு அடியில் போட்ட ஸ்பாஞ்சு மெத்தையிலிருந்து காற்று வெளியேறியதைப் பார்த்து வந்த யோசனை அது. தெர்மரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கம்பெனி இன்றும் ஒட்டுப் போடும் சாமான்களைத் தனியாக விற்கிறது. (நான் வாங்கியது அவர்கள் மெத்தை இல்லை.) ஆக, தொழில்நுட்பத்தில் குறை ஒன்றுமில்லை. மனசுதான் இல்லை.

"விடுங்கப்பா, ஆஃபர்ல புதுசு வாங்கிடலாம்" என்றான் காலேஜ் படிக்கும் மகன். நான் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு தெருமுனை பஞ்சர் கடைக்குப் போனேன்.

கடைக்கார பாய்க்கு அறுபது வயதிருக்கும். இப்படி ஒரு வஸ்துவை அவர் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அசரவில்லை. "முதல்ல வால்வைப் பார்ப்போம் சார்" என்று சோப்புத் தண்ணீரைத் தொட்டு வாயில் தடவினார். குமிழி இல்லை. ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும் வால்வு ஒழுகுமாம்; பாதிப் பேர் அதற்கே டியூபை மாற்றிவிடுகிறார்களாம். பிறகு மெத்தையை நன்றாக ஊதி, ஆறடி நீளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே போனார். இடுப்பு வருகிற இடத்தில் சரம் சரமாகக் குமிழி. குண்டூசி முனை அளவு ஓட்டை. பேனாவால் வட்டம் போட்டார்.

"ஓட்டையைக் கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா மீதிப் பாதி என்னால ஆகாது சார்" என்றார். துணியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "இது ரப்பர் இல்ல. என் சொல்யூஷனைப் போட்டா இன்னிக்கு ஒட்டும், நாளைக்குப் பிச்சுக்கும். தெரிஞ்சே உங்ககிட்ட காசு வாங்கினா பாவம்."

வாரண்டிப் பெண்மணி சொல்லாத தகவலை பாய் நகத்தால் கண்டுபிடித்துவிட்டார். பசையின் சூட்சுமம் இதுதான். சைக்கிள் டியூப் ரப்பர். அதற்கு ரப்பர் சொல்யூஷன். விருந்தாளிகளுக்காக வீட்டில் ஊதிப் போடுகிறோமே, அந்தத் தடித்த மெத்தை பெரும்பாலும் பி.வி.சி.; அதற்கு வினைல் பசை. மலையேறிகளின் லேசான மெத்தை பெரும்பாலும் நைலான் துணிக்கு உள்பக்கம் டி.பி.யு. என்கிற பாலியூரித்தேன் பூச்சு பூசியது. அதற்கு பாலியூரித்தேன் பசைதான் சரி. மாற்றிப் போட்டால் ஒட்டாது. மெத்தையின் ஓரத்தில் மூன்றே எழுத்து அச்சடித்திருந்தால் ஊரில் எந்தக் கைவினைஞரும் வேலையை முடித்துவிடுவார். சலவைக்காரர் பார்க்கட்டும் என்று சட்டைக் காலரில் 'காட்டன்' என்று போடுகிறவர்களுக்கு, இங்கே அச்சடிக்க மை தீர்ந்துவிட்டதா?

"ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவாங்களே, அந்த பி.யு. பசையைக் கேட்டுப் பாருங்க. பெரியமேட்டுல கிடைக்கும்" என்று பாய்தான் வழி காட்டினார். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பெரியமேட்டில், முதல் கடையிலேயே 140 ரூபாய்க்கு ஒரு சின்ன டப்பா கிடைத்தது. கடைக்காரர் பாடமும் நடத்தினார். அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு போக ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி உலர விட்டு, லேசாகச் சூடு காட்டி, அழுத்தி ஒட்டி, ஒரு நாள் முழுக்க வெயிட் வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் காற்றடித்தால் எல்லாம் போச்சு. மெத்தையோடு வந்த ஊதுபையும் அதே துணிதான். அதன் ஓரத்தில் வட்டமாக ஒரு துண்டு வெட்டினேன். சூட்டுக்கு மனைவியின் ஹேர் டிரையர். வெயிட்டுக்கு, பத்து வருடமாக பால்கனியில் சும்மா கிடந்த அம்மிக்கல். பாய்க்கு 50 ரூபாய் கொடுத்தேன். "எதுக்கு சார், நான் ஒண்ணும் பண்ணலியே" என்று அவர் மறுத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் 190 ரூபாய். அதே மெத்தையில் அதற்குப் பிறகு இரண்டு மலைகளில் படுத்துவிட்டேன்.

எதையுமே தூக்கிப் போடக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. மெத்தையின் உள்ளே நீளவாக்கில் தடுப்புகள் இருக்கும். அவை மேல்துணியிலிருந்து விட்டுப்போனால், ஓர் இடத்தில் மட்டும் வயிற்றில் கட்டி மாதிரி வீங்கும். வெயிலில் ஊதி வைத்தாலும், பூட்டிய காருக்குள் ஊதிய மெத்தையை விட்டுவைத்தாலும் காற்று விரிந்து இப்படி ஆகலாம். வீட்டில் வைத்து ஒட்டக்கூடிய சமாச்சாரமில்லை அது. புதுசு வாங்க வேண்டியதுதான். இன்னொன்று, பொய் பஞ்சர். சாயங்காலம் 15 டிகிரியில் ஊதிய மெத்தை நள்ளிரவு பூஜ்யத்துக்கு வந்தால் உள்ளே காற்று சுமார் 5 சதவீதம் சுருங்கும். மெத்தை தொய்யும். ஓட்டையே இல்லாமல் 'லீக் ஆகுது' என்று புது மெத்தைக்கு ஆர்டர் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு ஊது ஊதினால் தீர்ந்திருக்கும்.

கம்பெனிக்காரனை மட்டும் திட்டினால் நான் பாதி நியாயம்தான் பேசியவன் ஆவேன். மலைக்குப் போய் மேகத்தோடு போட்டோ எடுத்து, 'இயற்கை என் தாய்' என்று எழுதும் நம்மாட்களில் எத்தனை பேர் ஒட்டுப் போட்ட மெத்தையை கூடாரத்தில் விரிக்கத் தயார்? நண்பர் ஒருவர் என் மெத்தையில் இருக்கும் கருப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கஷ்டமா?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். ஒட்டு என்றாலே ஏழ்மை என்று நமக்குள் எப்போதோ பதிந்துவிட்டது. கம்பெனிக்கு அந்த வெட்கம்தான் மூலதனம். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் பிரிக்க முடியாமல் ஒட்டிய அந்தத் துணியை காயலான் கடைக்காரர்கூட எடுக்கமாட்டார். அது நேராகப் போவது குப்பைமேட்டுக்கு.

சட்டம் கேட்காதா என்றால், 2021 முதல் பிரான்சில் செல்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின், புல் வெட்டும் மெஷின் ஆகியவற்றுக்கு, ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம் என்று மார்க் போட்டுக் கடையிலேயே காட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நம் மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போனும் எலெக்ட்ரானிக்ஸும், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகள். நல்ல காரியம். ஆனால் கம்பெனிகள் தகவல் தரும் இணையதளம் வேறு, தராவிட்டால் தண்டிக்கும் சட்டம் வேறு. மேலும் கூடாரம், மெத்தை, ரெயின்கோட் இவையெல்லாம் அந்த நான்கில் எதிலும் இல்லை.

பெரிய புரட்சி எதையும் நான் கேட்கவில்லை. என்ன துணி என்று மெத்தையின் மேல் எழுது. பெட்டிக்குள் இரண்டு ஒட்டும் ஒரு சின்ன ட்யூப் பசையும் வை. தீர்ந்தால் காசுக்குக் கொடு. வால்வைக் கழற்றி மாற்றுகிற மாதிரி செய். இந்த மூன்றையும் எழுதி கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். பாய் பேரையும் பெரியமேட்டுக் கடை விவரத்தையும்கூடச் சேர்த்திருந்தேன், அவர்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு உதவட்டுமே என்று.

நான்காம் நாள் பதில் வந்தது. என் ஆலோசனைக்கு நன்றியாம். புது மாடல் வாங்க 15 சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் இணைத்திருக்கிறார்களாம். கூப்பனுக்கு ஆயுள் ஏழு நாள்.