பந்தியின் நடுவே ஒரு பானை

விருந்தினர் வந்துவிட்டால் நம் இல்லங்களில் இல்லத்தலைவியைக் காண்பது அரிது. அடுக்களைக்கும் இலைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். எல்லோரும் கைகழுவி வெற்றிலை மடிக்கும் வேளையில், சட்டியின் அடியில் எஞ்சியதை வழித்துத் தனியே உண்பார். விருந்தைப் புகழ்ந்துவிட்டுப் புறப்படுகிறோம். அவரோடு நான்கு சொல் பேசினோமா என்று எவரும் எண்ணுவதில்லை.

ஜப்பானியர் குளிர்காலத்தில் சமைக்கும் ‘நாபே’ என்னும் பானை விருந்தைப் பற்றி இங்கு எழுதுவதற்கு இதுவே காரணம். மேசையின் நடுவே சிறிய அடுப்பு, அதன்மேல் மண்பானை. கொதிக்கும் சாற்றில் காய்கறி, மீன், கோழி ஆகியவற்றைச் சிறிது சிறிதாக இட்டு, வெந்ததும் எடுத்து உண்கின்றனர். நறுக்கும் வேலை விருந்தினர் வருமுன்பே முடிந்துவிடும். ஆகவே, சமைப்பவரும் உண்பவரோடு அமர்கிறார். பானையைப் பிறர் தொடவிடாமல் ஆணையிட்டுக்கொண்டிருப்பவரை ‘பானை நீதிபதி’ என்று அவர்கள் கேலி செய்வதுண்டு. நம் ஊரில் அப்பதவிக்குப் போட்டி பலமாக இருக்கும்!

ஒரே பானையைச் சூழ்ந்து உண்பது அங்கும் மிகத் தொன்மையான வழக்கமன்று. முன்னாளில் ஒவ்வொருவரும் தமக்கெனச் சிறு பலகை வைத்துத் தனித்தே உண்டனர். நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ககோஷிமாவில் இறங்கினார். அம்மக்கள் தாம் வளர்க்கும் விலங்குகளைக் கொன்று உண்பதில்லை என்று வியந்து எழுதினார். 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி பரவிய காலத்தில் இறைச்சிப் பானையும் பெருகிற்று.

நம்மவர் உடனே கேட்பது எச்சிலைப் பற்றி. வாயில் வைத்த குச்சியை விருந்தினர் முன்பு பானையில் விடுவது அங்கும் அநாகரிகமே. பானைக்கெனத் தனிக் குச்சியும் அகப்பையும் வைக்கின்றனர். நாம் ஓர் இடுக்கியும் கரண்டியும் வைத்தால் போதும். சிலருக்கோ எச்சிலைவிட, யாரோடு ஒரே பானையில் உண்பது என்பதே தடையாகலாம். அதற்கு என்னிடம் சமையற்குறிப்பு இல்லை.

உறுவையாற்றில் இதற்கு வேண்டியவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐவருக்கு எலும்போடு கூடிய கோழி ஒரு கிலோ எடுத்து, இஞ்சித் துண்டோடு இரண்டு லிட்டர் நீரில் அடுக்களையிலேயே முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். நுரையை நீக்கிப் பானையோடு மேசைக்குக் கொண்டுவாருங்கள். முதலில் முள்ளங்கி, கேரட். பின்னர் முட்டைக்கோசு, காளான், கிடைத்தால் சோயாப் பன்னீர். இறுதியில் வெங்காயத்தாள், பசலைக்கீரை. தவக்காலத்தில் கோழிக்குப் பதிலாகக் கொடுவா மீன் துண்டுகள் ஏற்றவை. அவை சில நிமிடங்களில் வெந்துவிடும். தொட்டுக்கொள்ளச் சோயாச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து, துருவிய முள்ளங்கி சேர்க்கலாம். முதல் வாய் நோயாளிக் கஞ்சிபோலத் தோன்றும். மிளகாய்ப்பொடியை மேசையில் வைத்துவிடுங்கள். ஜப்பானியரும் ஏழு பொருள் கலந்த மிளகாய்ப்பொடி தூவுகின்றனர்.

அவர்கள் புதுமண்பானையில் முதலில் கஞ்சி காய்ச்சி நுண்துளைகளை அடைக்கின்றனர். நம் பாட்டியர் சோறு வடித்த கஞ்சியால் புதுச்சட்டியைப் பழக்கியதும் இதற்காகவே. சுடுமண் வேலைக்குப் பெயர்பெற்ற வில்லியனூர்ப் பக்கத்தாருக்கு இதனை நான் கற்பிக்க வேண்டியதில்லை. அடிப்புறம் ஈரமாக இருக்கும்போது அடுப்பில் ஏற்றினால் பானை விரிசல் விடும். அடுப்பைப் பொறுத்தவரை கண்டிப்பாகச் சொல்வேன்: பெரிய சமையல் எரிவாயு உருளையைக் கூடத்துக்கு இழுத்து வராதீர்கள். பூட்டிய அறையில் கரியடுப்பும் வேண்டாம். அதன் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். மின்தூண்டல் அடுப்பு உள்ளவர்கள் அதற்கேற்ற எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யலாம். மண்பானை அதில் சூடேறாது.

எல்லாம் தீர்ந்தபின் அடியில் தங்கும் சாறுதான் ஜப்பானியருக்கு விருந்தின் முடிவான சுவை. அதில் இரண்டு குவளைச் சோற்றை இட்டுக் கொதிக்கவிட்டு, அடித்த முட்டைகள் இரண்டை ஊற்றி, மூடி, அடுப்பை அணைக்க வேண்டும். சில நிமிடங்கள் கழித்து, முட்டை நன்கு வெந்ததும், மூடியைத் திறந்து எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிடுகின்றனர். பானையருகில் அமர்ந்திருக்கும் இல்லத்தலைவிக்கும்தான்.