ஒரு தோல்வியோடு ஓராண்டு முடியலாமா?

2019 மே 22 அன்று லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி மதுரையின் சேது எஃப்.சி. பட்டம் வென்றது. பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்றிருந்த நாட்டில், தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று தேசிய லீக்கைக் கைப்பற்றியது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டுதான் கட்டாக்கில் அதே மணிப்பூரை 2-1 என வென்று, தமிழ்நாடு மாநில அணி முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. இந்த எழுச்சியில் கடலூர் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காவல் உதவி ஆய்வாளராகப் பணிபுரிந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். சுனாமிக்குப் பிறகு அங்கே பெண் பிள்ளைகளைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தவர் மாரியப்பன். அவருடைய இந்திரா காந்தி அகாடமி, தேசிய லீக்கின் இறுதிச் சுற்று வரை போனது.

லூதியானா வெற்றியைக் கொண்டாடும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 அணிகள் மோதிய அந்தத் தேசிய லீக்கின் இறுதிச் சுற்று, மே 5இல் தொடங்கி 18 நாள்களில் முடிந்துவிட்டது. கோப்பையை வென்ற அணிக்கே அங்கே கிடைத்தவை 7 ஆட்டங்கள்தான். மதுரை அணி வென்றதை மதுரைக்காரர்கள் நேரில் பார்க்கவும் வழியில்லை. 2023-24இல்தான் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறிமாறி ஆடும் முறை வந்தது. 7 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். இந்த முறையில் இறுதிப் போட்டி போய்விட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. அமெரிக்க மகளிர் லீக்கில் இறுதிப் போட்டி இருக்கிறது; ஆனால், 2024இல் ஒவ்வொரு அணியும் 26 லீக் ஆட்டங்களை ஆடிய பிறகே நாக்-அவுட் சுற்று தொடங்கியது. பெண்கள் அணிக்கென்றே கட்டப்பட்ட கன்சாஸ் சிட்டி மைதானத்தில் ஆர்லாண்டோ பிரைட் 1-0 என்று கோப்பையை வென்றது. அத்தனை ஆட்டங்கள் முன்னால் இருந்தால், இறுதிப் போட்டி தாராளமாக இருக்கட்டும்.

இனி நம் கடலூர் மாவட்டத்துக்கு வருவோம். மங்கலம்பேட்டையிலோ விருத்தாசலத்திலோ ஓர் அரசுப் பள்ளி மாணவி கால்பந்து ஆட வந்தால் அவளுக்குக் கிடைப்பது என்ன? குறுவட்டப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அந்த ஆண்டு அவளுக்கு அதோடு முடிந்தது. மாதக்கணக்கில் பயிற்சி, ஒரே ஓர் ஆட்டம்! பந்தை வாங்கும் முன்பே தலையைத் தூக்கி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் ஆட்டத்தில்தான் வரும். கூம்புகளை வைத்து எத்தனை மாலைகள் ஓடவிட்டாலும் அது வராது. பயிற்சியில் அழகாகப் பாஸ் கொடுக்கும் பிள்ளை, போட்டியில் எதிரே ஆள் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பந்தை வெளியே உதைக்கிறாள். பயத்தில் உதைக்கிறாள். அந்தப் பயம் ஐந்தாவது, ஆறாவது ஆட்டத்தில் போய்விடும். நாம்தான் அவளை அதுவரை ஆடவிடுவதில்லை.

செராமிக் கூடத்திலும் வயலிலும் வேலை பார்க்கும் பெற்றோர் மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்குவதாகச் சொல்கிறார்கள். உண்மைதான், தயங்குகிறார்கள். இருட்டிய பிறகு பஸ்ஸுக்காகப் பெண் பிள்ளை தனியே நிற்க வேண்டுமென்றால் யார்தான் தயங்க மாட்டார்கள்? ஆட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைத்து, வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தால் அதே பெற்றோர் வந்து கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள்.

மாவட்டக் கால்பந்துக் கழகமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு சிறு லீக்கைத் தொடங்க வேண்டும். விருத்தாசலம், மங்கலம்பேட்டை, திட்டக்குடி, நெய்வேலி, பண்ருட்டி, கடலூர் என ஆறு ஊர்கள். 14 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஊருக்கு ஒன்று. தோற்றாலும் வென்றாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து ஆட்டம். இதற்குப் புதிய மைதானம் வேண்டாம். ஒரு வேன், ஒரு நடுவர், வலை கட்டிய இரண்டு கோல் போஸ்ட் போதும். கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் அந்த வேனுக்கு ஒதுக்குங்கள்.

- கட்டுரையாளர், பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர், மங்கலம்பேட்டை