மீட்பதே வீரம்

இங்கிலாந்தில் 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி முதன்முதலாக ஒளிபரப்பான ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்னும் பொம்மலாட்டத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர், அதில் வரும் விமானங்களின் வடிவழகையும் பொம்மைகளின் தலைக்கு மேலே சில சமயம் புலப்படும் கம்பிகளையுமே நினைவுகூர்ந்து, ஒன்றை வியந்தும் மற்றொன்றைப் பரிகசித்தும் நின்றுவிடுகிறார்கள். அத்தொடரின் ஜீவன் இவ்விரண்டிலும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். சாகசக் கதையென்றால் பகைவனை வீழ்த்துவதில்தான் முடியவேண்டும் என்றிருந்த சம்பிரதாயத்தை ஒதுக்கி, சாகும் தறுவாயில் இருப்பவனைக் காப்பாற்றுவதையே நாயகர்களின் முழுக் காரியமாக வைத்ததுதான் அதன் விசேஷம்.

இந்த எண்ணம் வெறும் கற்பனையில் உதித்ததன்று. 1963 அக்டோபர் 24ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே என்ற ஊரில், இரும்புத்தாதுச் சுரங்கத்தின் மேலிருந்த சேற்றுக் குளம் உடைந்து உள்ளே பாய்ந்தபோது, நிலத்தடியில் 129 பேர் இருந்தனர். அவர்களில் 29 பேர் மாண்டனர். எல்லோரும் நம்பிக்கை இழந்துவிட்ட நிலையில், கைவிடப்பட்ட பழைய குடைவொன்றில் உயிரோடிருந்த பதினொருவர், பூமியைத் துளைத்து இறக்கிய ஒடுங்கிய இரும்புக் கூண்டின் வழியாக, பதினான்கு நாட்களுக்குப் பின் மேலே வந்தனர். துளையிடும் கருவியை பிரெமன் நகரத்திலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அரிய பல மணி நேரம் கழிந்துபோனதைச் செய்திகளில் கேட்ட, இத்தொடரைப் படைத்த ஜெரி ஆண்டர்சன், இத்தகைய யந்திரங்கள் எந்நேரமும் ஆயத்தமாக நின்று, அழைத்த மாத்திரத்தில் பறந்துவருமானால் எத்தனை உயிர்கள் தப்பும் என்று சிந்தித்தார். அந்தச் சிந்தனைக்கு அவரும் அவர் மனைவி ஸில்வியாவும் கொடுத்த உருவமே, விண்வெளி வீரராயிருந்து செல்வந்தரான ஜெஃப் டிரேஸியும், அவருடைய ஐந்து புதல்வர்களும், மண்ணையும் பாறையையும் குடைந்து செல்லும் ‘மோல்’ என்ற வாகனமும். ஐவரில் ஒருவன் விண்வெளி நிலையத்தில் தனித்திருந்து, உலகின் எந்த மூலையிலிருந்து அபயக்குரல் எழுந்தாலும் செவிமடுக்கிறான். அந்தப் பாத்திரத்தின் தனிமையும் விழிப்புமே என்னை அதிகமாகக் கவர்வன.

பொம்மைகளால் இயல்பாக நடக்க முடியாது என்பது பெருங்குறை. பதிவு செய்த குரலுக்கேற்ப உதடுகளை அசைக்கும் மின்கருவியைத் தலைக்குள் பொருத்தியதால், தலைகளும் உடலுக்குப் பொருந்தாமல் பெருத்தன. ஆனால் ஸ்லவ் நகரத்துப் படப்பிடிப்புக் கூடத்தில், தந்திரக் காட்சிகளை அமைத்த டெரிக் மெடிங்ஸும் அவருடைய குழுவினரும், நடக்கவேண்டிய இடங்களிலெல்லாம் வாகனங்களை ஓடவிட்டு, சிறிய மாதிரிகளை அதிவேகத்தில் படம்பிடித்து மெதுவாக ஓட்டி, அவற்றுக்கு மலையின் கனத்தைத் தந்தனர். முதல் கதையில், வெடிகுண்டு வைக்கப்பட்டதால் சக்கரங்களை இறக்க இயலாத அணுசக்தி விமானம், ஓடுபாதையில் தன்கீழ் ஓடிவரும் வண்டிகளின் மேல் இறங்கவேண்டும். ஒரு வண்டி கட்டுப்பாடிழந்து விலகிப்போக, மற்றொன்று அதன் இடத்திற்கு விரைகிறது. அந்தக் காட்சியில் வில்லனை நாம் மறந்தே போகிறோம். விமானம் நிற்குமா என்ற ஏக்கம் ஒன்றே நெஞ்சை நிறைக்கிறது.

இருபத்தைந்து நிமிஷத்திற்கென்று எடுத்த அக்கதையைப் பார்த்துப் பரவசமடைந்த, தொடருக்கு நிதியளித்த லூ கிரேடு, ஒவ்வொரு பகுதியையும் ஐம்பது நிமிஷமாக்கும்படி பணித்தார். சகோதரர்களின் பிணக்குக்கும், பரிவுக்கும், காத்திருத்தலின் வேதனைக்கும் அதனால் இடம் கிடைத்தது. அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு விற்க முடியாமற்போனதால் 32 பகுதிகளோடு தொடர் நின்றது. அதன்பின் திரைப்படமாகவும் கணினி ஓவியமாகவும் அது மறுபடியும் வந்திருக்கிறது. எனினும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது அந்தப் பழைய 32 பகுதிகளையே. வேகம் போதாதென்று அவற்றைக் கத்தரிக்காமல், கம்பி தெரிகிறதென்று அழிக்காமல், எடுத்தவர்கள் எடுத்தபடியே காட்டவேண்டும் என்று ஒளிபரப்புவோரை வேண்டிக்கொள்கிறேன்.