ஆடுகளம்: நடுக்களத்தில் கற்ற பாடம்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவது உலக வழக்கம். கோலைக் காத்தவனுக்கும் கைதட்டல் உண்டு. இவ்விருவருக்கும் இடையே நின்று, எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்துத் தன் தோழனுக்கு அனுப்பும் நடுக்கள ஆட்டக்காரனின் பெயரோ மறுநாள் செய்தித்தாளில் அரிதாகவே வரும். ஆயினும் முன்னும் பின்னும் ஆட்டம் செல்லும் போக்கு அவன் கண்ணுக்கே நன்கு புலப்படுகிறது. பிற்காலத்தில் பயிற்சியாளராக விரும்புபவனுக்கு அதுவே நல்ல பள்ளிக்கூடம். இதற்குச் சான்றாகக் காலித் ஜமீலின் வாழ்க்கையை இத்திங்கள் எடுத்துக்கொள்வோம்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அவர் கதையின் தொடக்கம் புதிதன்று. பஞ்சாபியர் குடும்பமொன்றில் 1977-இல் குவைத்தில் பிறந்தார். வளைகுடாப் போரை ஒட்டிக் குடும்பம் இந்தியா திரும்பிற்று. மும்பை அவருக்குச் சொந்த ஊராயிற்று. மஹிந்திரா, ஏர் இந்தியா, மறுபடியும் மஹிந்திரா, இறுதியில் மும்பை எஃப்.சி. என்று அணி மாறி ஆடினார். இந்திய அணிக்காகவும் களம் இறங்கினார். எனினும் நட்சத்திர வீரர் வரிசையில் அவர் பெயர் இருந்ததில்லை. காயங்களும் அவருடைய ஆட்ட நாட்களைக் குறைத்தன.

2009-இல், தமது 32-ஆம் வயதில், தாம் ஆடிய மும்பை எஃப்.சி.க்கே பயிற்சியாளரானார். செல்வம் கொழிக்கும் கழகமன்று அது. ஆகவே அவர் வகுத்த ஆட்டமுறையும் எளியது: அழகுக்காகப் பந்தை உருட்டிக்கொண்டிராமல், வரிசை குலையாது தடுத்து நின்று, தருணம் வாய்த்ததும் விரைந்து பாய்வது. 'கண்ணுக்கு இனிமையில்லை' என்று குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் ஏழு பருவங்கள் அவ்வணி ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்காமல் காத்தார். அவர் விலகிய பின் வந்த 2016-17 பருவத்திலேயே அது கடைசி இடத்துக்குச் சரிந்தது.

அதே பருவத்தில் அவர் மிசோரம் மாநிலத்து ஐஸ்வால் அணியை ஏற்றார். முந்தைய ஆண்டு தரமிறக்கப்பட்டு, கோவாக் கழகங்கள் விலகியதால் மீண்டும் இடம் கிடைத்த அணி அது. 2017 ஏப்ரல் 30-இல் ஷில்லாங்கில் நடந்த கடைசி ஆட்டம் 1-1 என முடிந்தபோது ஐஸ்வாலுக்கு 37 புள்ளிகள். மோகன் பகானுக்கு 36. வடகிழக்கு மாநிலக் கழகமொன்று தேசிய லீக் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

இத்தகைய வெற்றிக்குப் பின்னும் பெரிய வாயில்கள் உடனே திறக்கவில்லை. 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். போட்டியில் தலைமைப் பயிற்சியாளர் பதவி பெரும்பாலும் வெளிநாட்டாருக்கே சென்றது. நம்மவர் இடைக்காலத்துக்கு மட்டும் அழைக்கப்பட்டனர். 2021 ஜனவரியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியை இவ்வாறு இடையில் ஏற்ற ஜமீல், அதை அரையிறுதி வரை கொண்டு சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் பதவி நிலையாயிற்று. ஐ.எஸ்.எல். கழகமொன்றில் அப்பதவியை நிரந்தரமாகப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அடுத்த பருவம் கைகொடுக்கவில்லை. பின்பு ஜாம்ஷெட்பூர் அணியை 2024-25-இல் மீண்டும் அரையிறுதிக்கு உயர்த்தினார்.

2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அப்பொறுப்பு ஓர் இந்தியருக்குக் கிட்டியது அப்போதுதான். செப்டம்பரில் தஜிகிஸ்தானில் பெனால்டி முறையில் ஓமானை வென்று மூன்றாமிடம் பெற்றோம். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தோம். பயிற்சியாளரின் தொழிலில் மாலையும் கல்லடியும் ஒரே வீதியில்தான் வருகின்றன.

நம் இல்லங்களில் பந்தும் கையுமாக அலையும் பிள்ளைகள் பலர். "கால் தளர்ந்த பிறகு என்ன செய்வாய்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கால் தளர்ந்தாலும் களத்தைக் கண்டறிந்த அறிவு தளர்வதில்லை என்பதே ஜமீலின் வாழ்க்கை தரும் விடை. ஆனால் அந்த அறிவு தானாகச் சோறு போடாது. பயிற்சியாளர் உரிமத்தை 'டி'யில் தொடங்கி 'ப்ரோ' வரை படிப்படியாகத் தேர்ந்து பெறவேண்டும். சிறிய அணியில் சிறிய ஊதியத்துக்குப் பல ஆண்டுகள் உழைக்கவும் மனம் வேண்டும். ஆகையால் பிள்ளை விளையாடட்டும். பள்ளிப் பாடத்தையும் விடாதிருக்கட்டும். கோல் போடாத நாளிலும் அவன் ஆட்டத்தை எப்படிப் பார்க்கிறான் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள்.