எதை எண்ணப் போகிறோம்?

1988 நவம்பர் 19 அன்று இந்திய அமைதிப்படையின் காவலில் இலங்கையின் வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. கிழக்கில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். வடக்கில் ஒரு வாக்கும் விழவில்லை. அத்தனை இடமும் போட்டியின்றி நிரம்பியது. ‘தேர்தல் நடந்ததா?’ என்ற கட்டத்தில் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றுதான் எழுத முடியும். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் திருகோணமலையில் கப்பலேறினார்கள். அதையொட்டி முதலமைச்சர் வரதராஜப் பெருமாளும் நாட்டைவிட்டு வெளியேறினார், சபையும் போயிற்று. சுமார் 1,200 வீரர்கள் உயிர் கொடுத்த பணி அது. முட்டுக்கொடுத்த கை விலகியதும் சரிந்துவிட்டது.

ராணுவத்தின் மக்கள் நலப்பணியிலும் நிவாரணத்திலும் இருக்கும் நாம் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். செய்த வேலையை எண்ணுவது எளிது. அதனால் மக்கள் வாழ்வில் என்ன மாறியது என்று எண்ணுவது கடினம். கடினமானதைத் தள்ளிப்போட்டு, எளிதானதையே வெற்றி என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அதே அமைதிப்படை நுழைந்தபோது நடந்த துப்பாக்கிச்சூட்டில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு ஊரில், பிறகு எத்தனை மருத்துவ முகாம் நடத்தினோம் என்ற கணக்கு எதைச் சொல்லும்? ஒரு தாய் காய்ச்சல்கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சிப்பாய் நிற்கும் வாசலைத் தாண்டிப் பயமில்லாமல் வருகிறாளா என்பதே அங்கு அளவுகோல்.

வியட்நாமில் அமெரிக்கர்கள் 1967 முதல் குக்கிராமம் குக்கிராமமாகப் பாதுகாப்பு நிலைக்கு மாதாமாதம் தரம் போட்டுக் கணினியில் ஏற்றினார்கள். 1975இல் சைகோன் வீழ்ந்தது. எண்கள் குறைந்ததால் வந்த தோல்வி அல்ல அது.

நம் கண்முன் நடந்ததும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்களே தண்ணீரில் நின்று வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். படகின் பக்கமெல்லாம் கறுப்பு. கையில் ஒட்டியது சோப்புக்குப் போகவில்லை. தினசரி அறிக்கையில் எத்தனை பீப்பாய் அள்ளப்பட்டது என்று இருந்தது. கரையில் நின்றவர்களின் கேள்வி வேறு: வலை எப்போது இறக்கலாம்? பிடித்துவந்தால் அந்த மீனை யார் வாங்குவார்கள்?

எனவே மூன்று காரியங்களைத் திட்டக் கட்டத்திலேயே செய்யச் சொல்கிறோம். முதலாவது, இறங்கும் முன் அந்த ஊரின் இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள். ‘சரியாகிவிட்டது’ என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று ஊராரையே கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். இரண்டாவது, செய்த வேலையின் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் விளைவுக்கு ஓர் எண் வையுங்கள். வடக்கு, கிழக்கு இலங்கையில் இந்திய உதவியோடு வீடு கட்டியவர்களுக்கு ஆளுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாகக் கிடைத்தது. முடிந்த வீட்டை எண்ணும் கையோடு, அதில் அடுப்பு எரிகிறதா, கட்டியவர் கடனில் சிக்கினாரா என்றும் கேட்க வேண்டும். மூன்றாவது, நாம் கிளம்பி ஓராண்டு கழித்து, நம் படைப்பிரிவைச் சேராத ஒருவர் போய் அளக்கட்டும். அதற்கான பணத்தை முதல் நாளே ஒதுக்குங்கள்.

அடுத்த திட்டத்தின் முதல் பக்கத்தில் அந்த எண்ணூர்க் கேள்வி இருக்கட்டும்: வலை எப்போது இறக்கலாம்? அதற்குப் பதில் கிடைக்கும்வரை நம் பணி முடிந்ததாக எழுதக் கூடாது.