இடுக்கி யார் கையில்?

யப்பானின் ஒசாக்கா நகரிலே, ட்சுருஹாஷி புகையிரத நிலையத்தில் இறங்கியதுமே இறைச்சி வாட்டும் மணம் மூக்கில் ஏறிவிடும். 2001ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சு தெரிவு செய்த நூறு மணங்களுள் இந்தச் சுற்றுப்புறத்தின் மணமும் ஒன்று. பூவுக்கும் கடற்காற்றுக்கும் பக்கத்தில் இறைச்சிப் புகைக்கும் ஓர் இடம்!

அங்கே படிக்கும் என் பெறாமகள்தான் என்னை ‘யக்கினிக்கு’ கடையொன்றுக்குக் கூட்டிச் சென்றாள். வாட்டிய இறைச்சி என்பதுதான் அச்சொல்லின் பொருள். அவளுடைய தோழியர் இருவரும் வந்திருந்தார்கள்.

1920களில் கொரியாவின் ஜெஜு தீவிலிருந்து ஒசாக்காவுக்கு நேரடிக் கப்பல் ஓடியது. வேலை தேடி அதில் வந்தவர்கள் பலர் இந்தப் பகுதியிலேயே குடியேறினர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில், மற்றவர்கள் விரும்பாத குடலையும் ஈரலையும் கழுவி, கரி நெருப்பில் வாட்டி விற்றுச் சீவித்தார்கள். அவர்களுள் பெண்களும் பலர். இன்று யப்பானியர் விரும்பி உண்ணும் யக்கினிக்கு, அந்த ஏழை அடுப்புகளில் வளர்ந்த உணவு.

மேசையின் நடுவிலே குழி. அதில் கரி நெருப்பு. மேலே கம்பி வலை. மெல்லியதாய் வெட்டிய இறைச்சி பச்சையாகவே தட்டில் வரும். வாட்டுவது நம்முடைய வேலை. எனக்கு மாட்டிறைச்சி பழக்கமில்லை. கோழி, இறால், பூசணித் துண்டுகள் கேட்டேன். வலையை மாற்றித் தரும்படி பெறாமகள் சொன்னதும் பணிப்பெண் முகம் சுளிக்காமல் புதிய வலையைக் கொண்டுவந்து வைத்தாள்.

கோழித் துண்டைப் புரட்டிய இடுக்கியாலேயே வெந்ததை எடுக்கப் போனேன்.

“சின்னம்மா, அது பச்சை இறைச்சிக்கு. சாப்பிட இந்தக் குச்சியாலை எடுங்கோ” என்று கையைப் பிடித்துவிட்டாள்.

சகோதரிகளே, இது வெறும் நாகரிகம் அல்ல. 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டில் யக்கினிக்கு கடைகளில் பச்சை மாட்டிறைச்சி உண்ட பலர் நோயுற்றனர். சிறுவர்கள் உட்பட ஐவர் இறந்தனர். ஓ111 என்ற வகைக் கிருமி குடலில் நஞ்சைச் சுரந்து சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அவ்வாண்டு ஒக்டோபரில் பச்சை மாட்டிறைச்சிக்குக் கடுமையான விதிகள் வந்தன. ஈரலின் உள்ளேயும் இத்தகைய கிருமி இருக்கக்கூடும் என்பதால், 2012 ஜூலையில் மாட்டு ஈரலைப் பச்சையாக உண்ணக் கொடுப்பதையே தடை செய்தார்கள். இறைச்சியின் நடுப்பகுதி 75 பாகை செல்சியசில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. வெளியே சிவந்து உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கும் கோழித் துண்டை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடாது. பச்சை மீன் வெட்டிய கத்தியைக் கழுவாமல் வெள்ளரிக்காய் அரிவதும் இதே ஆபத்துத்தான்.

பக்கத்து மேசையில் அலுவலகத்தார் ஆறேழு பேர் இருந்தார்கள். ஆண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, மிக இளையவளாகத் தெரிந்த ஒரு பெண்ணே இடுக்கியோடு நின்று எல்லாருடைய தட்டிலும் இறைச்சியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சோற்றுக் கோப்பை தொடப்படாமல் ஆறிப்போயிருந்தது. சமையலறை சாப்பாட்டு மேசைக்கே வந்தும், சமைப்பவள் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டுமா? எனக்கு நம்மூர் விருந்துகள் நினைவுக்கு வந்தன.

“தனியாகப் போகலாமே” என்றேன். அதற்கும் கடை உண்டாம். 2018இல் தோக்கியோவின் ஷிம்பாஷியில் ஆளுக்கொரு சிறு அடுப்பு வைத்த கடை திறக்கப்பட்டது. வேலை முடிந்து வரும் பெண் யாருக்கும் புரட்டிக் கொடுக்காமல், தனக்கு வேண்டியதை வேண்டிய பதத்தில் வாட்டி உண்டு எழும்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் நாலு பேர் சுற்றியிருந்து உண்ணும் கலகலப்பு அதில் வராது.

எங்கள் மேசையில் நால்வருக்கும் ஓர் இடுக்கிதான் வைத்திருந்தார்கள். பெறாமகள் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு இன்னும் மூன்று கேட்டு வாங்கினாள்.