பெற்றோல் மணக்கும் பழைய வண்டி

நம்மவர் இல்லங்களிற் பழைய மோட்டார் வண்டி வெறும் வாகனமன்று. குடும்பத்தில் ஓர் அங்கமென்றே கூறலாம். 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் பல்லாண்டு உழைத்தது. 1990 இன் பின்னர் வடபகுதிக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடியவை இத்தகைய பழைய வண்டிகளே. அவற்றைப் பேணுதல் நன்று. ஆயினும், எரிபொருட் பகுதிகளை வீட்டிலேயே மாற்ற முற்படுவோர் சிலவற்றை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

மண்ணெண்ணெயைக் கையாண்ட பழக்கத்தோடு பெற்றோலை அணுகுதல் தகாது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவதில்லை. பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவிலும் தரும். அவ்வாவி காற்றினும் பாரமானது. நிலத்தோடு தவழ்ந்து சென்று, தொலைவிலுள்ள அடுப்பிற் பற்றி, வந்த வழியே திரும்பும். ஆதலால் வேலை திறந்த முற்றத்தில், குசினிக்கு எட்டவே நடைபெறல் வேண்டும். சிறுவர் அண்டலாகாது. உலர்பொடித் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் அருகில் இருக்கட்டும். நீர் உதவாது, பெற்றோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

எஞ்சின் குளிர்ந்தபின், பற்றரியில் வண்டியின் உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றுக. அது நீங்கினால், ஸ்பானர் தவறி இரும்பில் முட்டினும் பொறி எழாது. அக்கால ஆங்கில வண்டிகள் பலவற்றில் உடலோடு இணைந்தது நேர்முனையாகும். எனவே அடையாளத்தைப் பார்த்தே கை வைத்தல் நலம்.

அடுத்து றப்பர்க் குழாய்கள். வளைத்துப் பார்க்கையில் வெடிப்புத் தோன்றினாலோ, விறைத்திருந்தாலோ அவற்றைக் கழித்துவிடுக. எத்தனால் கலந்த பெற்றோல் பழைய றப்பரை விரைவிற் கெடுக்கும். அதனைத் தாங்கும் வகைக் குழாயையே கேட்டு வாங்குக. நீர்க்குழாய் ஒருபோதும் ஈடாகாது.

பின்னர் காபரேற்றர். அதன் மிதவை அறையிற் பெற்றோல் நிறைந்ததும், மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடுகிறது. ஊசியின் கூம்பில் தேய்ந்த வளையம் தெரிந்தால், ஊசியையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்றுக. மிதவையைக் காதருகிற் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் அலம்பினால் அதுவும் பழுதானதே. கழற்றிய வாசர்களை மீண்டும் இடலாகாது. மைனர் வண்டியிற் காபரேற்றருக்குக் கீழேயே புகைபோக்குங் குழாய் சூடேறி நிற்கிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்குச் சொன்னது. இங்கோ சிறுதுளியே பெருந்தீ.

யாவும் பூட்டியபின் பற்றரியை இணைத்து, எஞ்சினை இயக்காது சாவியை மட்டும் சிறிது நேரம் திருப்புக. மின்னாலியங்கும் எஸ்.யு. பம்பு 'டிக் டிக்' என விரைந்து ஒலித்து, மெல்லத் தளர்ந்து, அடங்கும். அடங்கினால் அறை நிறைந்தது, ஊசி மூடியது. ஓயாது ஒலித்தால், தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது பம்புக்கு வரும் வழியிற் காற்றுப் புகுகிறது, அல்லது எங்கேனும் பெற்றோல் கசிகிறது என்பது பொருள். உடனே சாவியை மூடிக் காரணத்தைத் தேடுக. ஒலி அடங்கினும், ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். துணி நனையாதிருந்தால் மட்டுமே எஞ்சினை இயக்கலாம்.

மாணவ மணிகளே! ஆவியாதல், அடர்த்தி, மிதத்தல், மின்சுற்று என ஏட்டிற் கற்பவை யாவும் இவ்வொரு வேலையில் ஒருங்கே நிற்கின்றன. பெரியோர் துணையோடு தள்ளிநின்று கவனியுங்கள். பெற்றோர்களே! வண்டியிற் பெற்றோல் மணந்தால் 'பழைய வண்டியல்லவா, அப்படித்தான்' என்று அமைதி கொள்ளாதீர். ஐயம் எழுமிடத்துத் தேர்ந்த மெக்கானிக்கை அழைத்தல் இழுக்கன்று. புதுக்குழாயின் விலை சிறிது. அவ்வண்டியில் ஏறிச் செல்வோரின் உயிருக்கோ விலையில்லை.